ஓரெழுத்துத் திருத்தம்

அம்மா வெளியே கிளம்பும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "கேஸ மூடியாச்சா?" யாராவது ஒருவர் "மூடியாச்சு" என்று சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் தெருமுனை வரை போனவள் திரும்பி வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் நுழைந்து, குமிழைத் தானே திருகிப் பார்த்துவிட்டு, "கேட்டா பதில் சொல்ல வாயில்லையா? எல்லாருக்கும் வாயில பூட்டா?" என்று கத்திவிட்டுப் போவாள். அவளுக்கு அடுப்பு மூடியிருக்கிறதா என்பதைவிட, கேட்டதற்குப் பதில் வராததுதான் பெரிய குற்றம்.

அந்த வியாழக்கிழமை காலையும் கேட்டாள். தம்பி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பச்சைப் பையைக் கவிழ்த்துப் போட்டு, காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஐந்து வருடங்களுக்கு முன் கட்டாயப் பயிற்சி முடித்தவன் என்பதால் தேவைப்பட்டால் ராணுவம் கூப்பிடும் இருப்புப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. புதன்கிழமையே அழைப்பாணை வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரயில். போருக்குப் போவதா வேண்டாமா என்று பேரவை வாக்களிக்கப் போவதோ வெள்ளிக்கிழமை. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை.

"மூடியாச்சு மூடியாச்சு," என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். பிறகு பக்கத்தில் கிடந்த பத்திரிகையின் முதல் பக்கத்தைத் தட்டி, நாட்டுத் தலைவரின் கனத்த குரலில் படித்தான். "எல்லா வழியும் பார்த்தாச்சு!"

அம்மா சிரித்தாள்.

அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தது நான். நாட்டின் பாதுகாப்புக் குழு செவ்வாய்க்கிழமை மூடிய அறையில் நான்கு மணி நேரம் பேசியது. அந்த ஒலிப்பதிவை எழுத்தாக்கியது எங்கள் பதிவுக்கூடம். கடைசி ஒரு மணி நேரம் என் பங்கு. புதன்கிழமை தலைவர் தொலைக்காட்சியில் வந்து, எங்கள் பிரதியைக் கையில் தூக்கிக் காட்டினார். "சண்டையே ஆகாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியவரே, குழுவில் என்ன சொன்னார் தெரியுமா? எல்லா வழியும் பார்த்தாச்சு. அவர் வாயாலேயே சொன்னார்!" பொழுது விடிவதற்குள் அந்த மூன்று சொற்கள் சுவரெல்லாம் ஒட்டப்பட்டிருந்தன.

அம்மா கேட்டது கேள்வி. தம்பி சொன்னது பதில். 'மூடியாச்சா', 'மூடியாச்சு.' அம்மாவின் குரல் கடைசியில் மேலே ஏறியது. பெரியவரின் குரலும் ஏறியதோ?

பேருந்தில் நின்றுகொண்டே போனேன். அரை மணி நேரமும் அந்தக் குரலை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. எங்கள் வேலையில் காது கேட்கும், விரல் தட்டும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது.

பதிவுக்கூடத்தில் ஜன்னல் இல்லை. எட்டு மேசை, எட்டு கணினி, எட்டு காதுக்கருவி. மேசைக்கடியில் ஆளுக்கொரு மிதி. காலால் அழுத்தினால் ஒலி ஓடும், எடுத்தால் நிற்கும். சட்டக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றுபோன எனக்கு, ஒன்பது வருடமாக இந்த மிதிதான் சோறு போடுகிறது. வேகமாக முடிக்க இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, சுருக்குகள். சபைகளில் அடிக்கடி வரும் சொற்களுக்கு இரண்டு மூன்று எழுத்துகளில் சுருக்கு வைத்திருக்கிறோம். 'மாமு' என்று தட்டினால் 'மாண்புமிகு' என்று விரியும். 'பாச்' என்று தட்டினால் 'பார்த்தாச்சு' என்று விரிந்து, முற்றுப்புள்ளியும் தானே விழும். இன்னொன்று, மௌனம் தாண்டும் பொத்தான். யாரும் பேசாத இடங்களை இயந்திரமே தாண்டிக்கொண்டு போய்விடும்.

சுருக்குப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. செய்தாச்சு, அனுப்பியாச்சு, பேசியாச்சு, பார்த்தாச்சு எல்லாம் உண்டு. 'பார்த்தாச்சா' இல்லை. அந்தச் சபைகளில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அதனால் யாரும் சுருக்கு வைக்கவில்லை.

மௌனம் தாண்டும் பொத்தானை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

பெரியவரின் குரல் மெலிந்து, இழுத்து இழுத்து வந்தது. "எல்லாம் சரி. அக்கரையில இருந்து ஒரு கடிதம் வந்துதே. ரெண்டு பேரும் சேர்ந்து விசாரிக்கலாம்னு. அது என்ன ஆச்சு? எல்லா வழியும் பார்த்தாச்சா?"

ஏறியது. அம்மாவின் குரலைவிட நன்றாகவே ஏறியது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள், ஆனால் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு வினாடி. பிறகு தலைவரின் குரல்: "சரி, கையைத் தூக்கிடலாமா?"

என் பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது: 'அது என்ன ஆச்சு? எல்லா வழியும் பார்த்தாச்சு. தலைவர்: சரி, கையைத் தூக்கிடலாமா?' முதல் கேள்வியைக் கேட்டவரே இரண்டாவது வாக்கியத்தில் பதிலையும் சொல்லிவிட்ட மாதிரி. மெனக்கெட்டுப் பொய் எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

பதினெட்டு நாட்களுக்கு முன் எல்லை ஆற்றில் போன பயணப் படகின் மேல் குண்டு விழுந்தது. அறுபத்துமூன்று பேர் செத்தார்கள். அக்கரைக்காரர்கள் தாங்கள் சுடவில்லை என்றார்கள். நம் ஆட்கள் நீதான் என்றார்கள். யார் சுட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்க ஒரு வழி இருந்தது, அது ஒரு உறையில் வந்து மேசைமேல் கிடந்தது, ஒரே ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இரண்டு எழுத்தில் கொன்றுவிட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைப் பேசினாலும் "அவ்வளவுதான்" என்றுதான் முடிப்பார். அவர் மேசைக்குப் போய்ச் சொன்னேன். காதுக்கருவியை அவர் காதில் மாட்டி ஓடவிட்டேன். கேட்டார். முகம் மாறியது. உடனே பழையபடி ஆனது.

"வயசானவர். குரல் நடுங்குது. நடுங்கினா ஏறின மாதிரிதான் கேக்கும்."

"சார், நடுங்கல. கேக்கறார்."

"நீ எப்ப அடிச்ச? செவ்வாக்கிழமை. இன்னிக்கு என்ன கிழமை? தலைவரே மேற்கோள் காட்டிட்டார். இப்பப் போய், ஐயா, எங்க பொண்ணு தூக்கக் கலக்கத்துல சுருக்கு போட்டுடுச்சுன்னு நான் சொல்லணுமா?"

"ஆமா சார். அதேதான் சொல்லணும். நானே எழுதித் தர்றேன்."

"உனக்கு வேலை போகும்."

"என் தம்பி சனிக்கிழமை போறான்."

பேனாவை மூடித் திறந்தார். "சொல் திருத்தம்னா படிவம் இருக்கு. பேசினவர் கையெழுத்து போடணும். அவர் போட்டா நானும் போடறேன். அவ்வளவுதான்."

கழுவுற மீனில் நழுவுற மீன். ஆனாலும் அது ஒரு வழி. பேசினவருக்கு அவர் பேச்சைப் போட்டுக்காட்ட ஒலிப்பெட்டியை வெளியே எடுத்துப் போக விதி உண்டு. வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மத்தியானமே பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

எட்டு வருடமாக அந்த வீட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்று பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. அன்றைக்கு வாசலில் கார்கள் நின்றன. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். தொலைபேசி வைக்க வைக்க அடித்தது. பெரியவர் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

பதிவுக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் தனியறைக்குக் கூட்டிப் போனார். காதுக்கருவியை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்தபோது உதடு தானாக அசைந்தது. பிறகு பதினோரு வினாடி. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"கேள்விதாம்மா," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. படிவத்தை நீட்டினேன்.

வாங்கினார். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். திருப்பி என் மடியில் வைத்தார்.

"அப்படியே இருக்கட்டும்."

"ஐயா?"

"விடும்மா. நாடே ஒண்ணா நிக்கிற நேரம்."

"நீங்க கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே ஐயா. அந்தக் கடிதம் என்ன ஆச்சு?"

"பிரிச்சாங்க. படிச்சாங்களான்னு தெரியாது."

"ரெண்டாவது தடவை ஏன் கேக்கல?"

அவருக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன தெரியும்? அந்த அறையில உக்காந்து பாத்திருக்கியா? பதினோரு பேர் என் மூஞ்சிய பாக்காம மேசைய பாக்கறாங்க. ரெண்டாவது தடவை கேட்டா துரோகின்னு பேரு."

"அப்புறம் கை தூக்கினீங்களா?"

வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் காது அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்.

"தூக்கினீங்க," என்றேன். "கேள்வின்னு திருத்தினா, பதில் வராமலே கை தூக்கினவர்னு ஆயிடும். அதான?"

"வெளிய போ."

"உங்களுக்கு எத்தன பேரப்பசங்க ஐயா? யாராவது சனிக்கிழமை ரயில்ல போறாங்களா?"

"வெளிய போன்னு சொன்னேன்."

போனேன். கூடத்தில் இருந்தவர்கள் எனக்கும் வணக்கம் சொன்னார்கள். அவரோடு தனியாகப் பேசிவிட்டு வந்த பெண் அல்லவா. தலைவரைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியும். அவருக்குப் போர் வேண்டும், அதை அவர் ஒளித்ததே இல்லை. இந்த மனிதருக்கு உண்மை தெரியும், தெரியும் என்றும் சொல்கிறார், ஆனால் வாசலில் நிற்கும் கார்கள் போய்விடக்கூடாது. அவர் முகத்தில் அந்தப் படிவத்தைக் கசக்கி எறியாமல் வந்தேனே என்று இன்றைக்கும் எரிகிறது.

சாயங்காலம் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் போட்டுக்காட்ட முடியவில்லை. அவன் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டே கேட்டான்.

"அதனால?" என்றான்.

"அதனாலயா? டேய், அவங்க எதையும் பாக்கல. கேட்டதுக்கு ஒருத்தன் வாயத் திறக்கல. நான் தப்பா அடிச்சேன், அத வெச்சு உன்ன அனுப்பறாங்க."

"அக்கா, நான் அந்தக் கிழவன் சொன்னதுக்காகப் போகல. கண்டக்டர் அண்ணன் படகுல போனார். மச்சான் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு போனார். அவர் சாப்பாட்டுத் தூக்கு இன்னும் டிப்போ அலமாரியில இருக்கு. ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கறான். உனக்கு என்ன தெரியும்?"

"யார் சுட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"அவங்கதான்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"அந்த எல்லாரும் நான்தாண்டா! என் விரல்தான் அந்த எல்லாரும்!"

பூட்ஸைக் கீழே போட்டான். "அப்ப என்ன பண்ணச் சொல்ற? அடிச்சவன் அடிச்சிட்டுப் போவான், நாம கமிட்டி போட்டு டீ குடிக்கணுமா? சண்டையே தப்புங்கறியா?"

"நான் எப்ப சொன்னேன்? நாளைக்கே அவங்கதான் சுட்டாங்க, பேசிப் பாத்தாலும் மறுபடி கொல்லாம விடமாட்டாங்கன்னு தெரியட்டும். உன் பைய நானே கட்டித் தர்றேன். தெரிஞ்சுக்காம போறதத்தான் சொல்றேன். நீ பஸ் பிரேக்கத் திறந்து பாக்காம வண்டிய வெளிய அனுப்புவியா?"

"மாட்டேன்."

"அறுபது பேர் போற வண்டிக்கு அவ்ளோ பாக்கற."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆழம் தெரியாம கால விடாதடான்னு சின்ன வயசுல இருந்து சொல்றேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அவளும் காலையில் அந்த வரியைக் கேட்டுச் சிரித்தவள்தான்.

தம்பி பூட்ஸை மறுபடி எடுத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "அக்கா, விடு. சா, சு. ச-வுக்குக் கால் போட்டா சா. ஒரு காலுக்காகவா இந்த ஆட்டம் ஆடற?"

"உனக்கு ரெண்டு கால் இருக்குல்ல. வரும்போதும் ரெண்டும் இருக்கணும்னு ஆடறேன்."

"ஒரு எழுத்துக்கா," என்றான், தலையை ஆட்டிக்கொண்டு. "ஒரே ஒரு எழுத்து."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் எழுந்து உள்ளே போய் அலமாரியில் கிடந்த விதிப் புத்தகத்தை எடுத்தேன். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்தது, யாரும் படிப்பதில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. சொல் திருத்தத்துக்குப் படிவமும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஓரெழுத்துத் திருத்தத்துக்கு எதுவும் வேண்டாம், பிரதியில் சிவப்பு மையில் திருத்தி, தட்டச்சு செய்தவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும். நிறுத்தற்குறிகளும், அடைப்புக்குறிக்குள் வரும் ஒலிக்குறிப்புகளும் தட்டச்சு செய்தவரின் பொறுப்பு. ஐந்து வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தைக் குறிக்காமல் விடக்கூடாது.

சு ஓரெழுத்து. சா ஓரெழுத்து. எழுத்துப்பிழைக்காக வைத்த விதி. எந்தப் பிழை என்று விதி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே கூடத்தைத் திறந்தேன். பேரவை உறுப்பினர்களின் மேசைக்குப் போக வேண்டிய பிரதிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. நூற்றுப் பதினெட்டு. பதினோரு மணிக்கு வாக்கெடுப்பு, பத்து மணிக்குப் பிரதிகள் மேசையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, அறுபத்தேழாம் பக்கத்தைத் திருப்பி, 'சு'வை அடித்து மேலே 'சா' என்று எழுதினேன். புள்ளியைக் கேள்விக்குறி ஆக்கினேன். பக்கத்தில் '(அமைதி: 11 வினாடி)' என்று எழுதி ஒப்பம் போட்டேன். முதல் இருபது பிரதிகளில் எழுத்து அழகாக இருந்தது. அறுபதுக்கு மேல் விரல் மரத்துப்போய்க் கிறுக்கலானது. சா, சா, சா. எழுத எழுத அந்த எழுத்துக்கு வேறு அர்த்தம் வந்தது. ஒவ்வொரு பிரதியிலும் யாரையோ செத்துப் போ என்று எழுதுகிற மாதிரி இருந்தது. நிறுத்தவில்லை.

நூற்றொன்றாவது பிரதியில் இருந்தபோது முற்றுப்புள்ளி உள்ளே வந்தார்.

"என்ன பண்ற நீ?"

"ஓரெழுத்துத் திருத்தம் சார்."

பிரதியைப் பிடுங்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "பைத்தியமா உனக்கு? இது எழுத்தா? இது... இது..."

"நாப்பத்தோராம் பக்கம் பாருங்க சார்."

புத்தகத்தைப் பார்த்தார். பிரதிக் கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. புதிதாக அச்சடிக்க நேரம் இல்லை. மேசைகளைக் காலியாக விட்டால் கேள்வி அவர் கழுத்துக்கு வரும்.

"என்னை இதுல இழுக்காத. நான் பாக்கல," என்றார். இந்த முறை 'அவ்வளவுதான்' சொல்ல மறந்துபோனார்.

மிச்சம் பதினேழையும் முடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி, நானே மேசை மேசையாக வைத்தேன். பிறகு பின்வரிசைக் கதவோரம், பணியாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன்.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரில் பத்துப் பேர் பிரதியைத் திறந்திருந்தால் அதிகம். ஒருவர் அதன்மேல் கைப்பேசியை வைத்திருந்தார். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒரு தடித்த உறுப்பினர் பேச எழுந்தார். படகைப் பற்றிப் பேசினார், ரத்தத்தைப் பற்றிப் பேசினார். "நம் பெரியவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே படிக்கிறேன்," என்று சொல்லிப் பிரதியைத் தூக்கினார்.

நான் நுனிக்காலில் எட்டிப் பார்த்தேன்.

அறுபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்தார். "எல்லா வழியும் பார்த்தாச்சா..."

நிறுத்தினார். சபை முழுக்க அந்தக் கேள்வி நின்றது. சிவப்பு மையை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பெரியவர் முன்வரிசையில் இருந்தார். அவருடைய பிரதி அவர் முன்னே திறந்து கிடந்தது. இப்போது அவர் எழுந்து ஒரு சொல் சொன்னால் போதும். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். மூன்று சொல். எழுந்திருய்யா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும்," என்றார் தடித்த உறுப்பினர். "அச்சுப்பிழை. பார்த்தாச்சு! எல்லா வழியும் பார்த்தாச்சு!"

சபை சிரித்தது. பிறகு மேசையைத் தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள்.

தொண்ணூற்றேழுக்குப் பதினான்கு. ஏழு பேர் வரவில்லை.

சபை கலைந்ததும் பிரதிகளைத் திரும்ப எடுப்பதும் எங்கள் வேலைதான். பாதிக்கு மேல் மடிப்பே கலையாமல் இருந்தன. நான்கில் யாரோ சிவப்பு மையின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். இரண்டில் என் 'சா'வை அடித்து மறுபடி 'சு' ஆக்கியிருந்தார்கள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. பெரியவருடைய பிரதியில் அறுபத்தேழாம் பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் இருந்தது. நிதானமாக, நேராகக் கிழித்திருந்தார்.

சனிக்கிழமை ரயில் நிலையத்தில் நிற்க இடம் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிப் பை வைத்திருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "எல்லாம் எடுத்தாச்சா?" தம்பி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கேட்டாள். பதில் வரவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி, அத்தனை பேர் முன்னால் அவன் பையைத் திறந்து, மாத்திரை, சோப்பு, துண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆத்தா, துப்பாக்கி அங்க குடுப்பாங்க," என்றான் ஒருவன். அம்மா அவனையும் அதட்டி, அவன் பையையும் திறக்கச் சொன்னாள்.

அவள் இறங்கிய பிறகு தம்பி ஜன்னலுக்கு வெளியே குனிந்தான்.

"அக்கா. முந்தாநாள் நீ கேட்டத யோசிச்சுட்டே இருந்தேன். தூக்கம் வரல."

"ம்."

"அங்க போய் நிக்கறேன்னு வையி. எதிர்ல ஒருத்தன் நிக்கறான். இவன்தான் சுட்டானான்னு நான் யார்கிட்ட கேக்கறது?"

ரயில் நகர ஆரம்பித்தது. அவன் பார்த்துக்கொண்டே போனான். பதினோரு வினாடிக்கு மேல் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை என் மேசைமேல் ஒரு உறை இருந்தது. உள்ளே குறிப்பாணை. ஆவணத்தில் தன்னிச்சையாக மாற்றம் செய்ததற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் பணிநீக்கம். கீழே கேள்விகள். ஒன்றும் இரண்டும் தேதி, நேரம். மூன்றாவதைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். மற்ற ஏழு பேரும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முற்றுப்புள்ளி தலையைக் குனிந்துகொண்டார்.

'3. இந்தக் கடைசி நடவடிக்கையில் இறங்கும் முன், முறைப்படி உள்ள மற்ற எல்லா வழிகளையும் பார்த்தீர்களா?'

ஓர் எழுத்தைத் திருத்தியதற்கு இதைக் கேட்கிறார்கள். பதில் வராமல் விடமாட்டார்களாம். மூன்று நாள் தவணையும் கொடுத்திருக்கிறார்கள்.

கணினியைத் திறந்தேன். மேற்பார்வையாளரிடம் போனது, படிவம் வாங்கியது, பெரியவர் வீட்டுக்குப் போனது, அவர் "கேள்விதாம்மா" என்று சொன்னது, மடியில் திருப்பி வைத்தது, வெளியே போகச் சொன்னது, எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு எழுதினேன். அவர் சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதினேன். எங்கெங்கே பதில் வரவில்லையோ அங்கங்கே அடைப்புக்குறி போட்டு 'அமைதி' என்று குறித்தேன்.

கடைசி வரி மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு எழுத்தில் முடித்திருக்கலாம். சுருக்கைத் தொடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

எல்லா வழியும் பார்த்தாச்சு.